இருமும் வரை திரும்பாதே

அந்த ஆரஞ்சுத் தோலை ஹீட்டர் மேலே வைக்காதீர்கள். கருகினால் ஒரு வாடை வரும்... அந்த வாடையோடு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. போர்வையை இந்தப் பக்கம் கொஞ்சம் இழுங்கள். கதவு சாத்தியிருக்கிறதா? சரி.

இது நம் தாமியின் பெரியம்மா வீட்டில் நடந்தது. தாமியை மறந்திருக்க மாட்டீர்கள். நம் டியூஷன் சென்டரில் இருந்தாளே, உயரமாக, சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்வாளே, அவள்தான். பாதிக் கதை அவள் பெரியம்மா சொன்னது. மீதிப் பாதி நெஸ்டா சொன்னது. நெஸ்டா, உங்களுக்கெல்லாம் முன்னால் இங்கே கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த வேல்ஸ் தேசத்துப் பெண். இரண்டு பாதியையும் ஒட்டினால் நன்றாக ஒட்டுகிறது. நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும்... அது வரும்போது நீங்களே பாருங்கள்.

இரவு பதினொன்று இருக்கும். பழைய கணவாய் ரோடு.

மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்ட பிறகு அந்த ரோட்டில் யாரும் போவதில்லை. மேலே பெரியம்மாவின் ஊர். விரல் விட்டு எண்ணக்கூடிய வீடுகள். புத்தாண்டு விடுமுறைக்கு எல்லா ஊரிலும் பிள்ளைகள் அப்பா அம்மாவைத் தேடி வருவார்கள். அங்கே தலைகீழ். கிழவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சியோலில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஊர் முழுக்கப் பூட்டு. முழங்கால் வரை பனி. சந்திரப் புத்தாண்டு என்றால் அமாவாசைதானே... நிலாவும் கிடையாது.

நெஸ்டாவுக்கு வருஷத்தில் சேர்ந்தாற்போல் கிடைத்த ஒரே விடுமுறை அந்த வாரம். அதற்காகவே அவள் தம்பி எம்ரிஸ் விமானம் ஏறி வந்திருந்தான். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அவனுக்குச் சோறு போட்டு, காதைத் திருகி, ஆளாக்கியவள். பூமியில் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். வந்தவனுக்கு எதைக் காட்டுவது? கடைகள் இல்லை, ஓட்டல் இல்லை, தெருவே காலி. கிழக்குக் கடலில் சூரியோதயம் காட்டலாம் என்று வாடகைக்குக் கார் எடுத்தாள்.

தாமி சொல்லியிருந்தாள். "பெரிய ரோட்டுலயே போ. வண்டி நகராது, பரவாயில்ல. பழைய கணவாய்ப் பக்கம் திரும்பிடாதே."

"ஏன்?"

"எங்க பெரியம்மா ஊர் அது. ராத்திரில நாங்களே போக மாட்டோம்."

"பேயா?"

"பனி," என்றாள் தாமி. சிரிக்கவில்லை. வாயையும் பொத்திக்கொள்ளவில்லை.

பெரிய ரோட்டில் நாடே ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை மணி நேரம்தான் முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கையே பார்ப்பது? நெஸ்டா பழைய கணவாய்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நெஸ், நீ ஓட்டற லட்சணத்துக்கு நம்ம ஊர் ஆடு ஓட்டியிருந்தா இந்நேரம் கடல்ல குளிச்சிருக்கலாம்," என்றான் எம்ரிஸ்.

"ஆட்டுக்கு லைசென்ஸ் தர மாட்டாங்க. வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

அதுதான் அந்த இருவரும் சிரித்துப் பேசிய கடைசிப் பேச்சு.

பிரேக் போட்டால் கிறீச் என்று கேட்கும் என்றுதானே நினைப்போம்? பனியில் கேட்காது. யாரோ பட்டுத்துணியை இழுப்பது போல... ஸ்ஸ்ஸ்... அவ்வளவுதான். வளைவில் கார் தன் பாட்டுக்குத் திரும்பி, சரிவில் இறங்கி, ஓடைக்கரைப் பாறையில் மூக்கை முட்டி நின்றது. முன்கண்ணாடி போய்விட்டது. எம்ரிஸின் மடியில் இருந்த பையும், பையில் இருந்த இரண்டு போன்களும் ஓடைக்குள். மேலே ஐஸ் உடைந்த இடத்தில் தண்ணீர் களக் களக் என்று பேசிக்கொண்டிருந்தது.

எம்ரிஸின் கால் நசுங்கிய தகரத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுத்தாள். கத்தினான். விட்டுவிட்டாள். ரத்தம் அதிகமில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவன் கத்துவதை நிறுத்தினான். அதுதான் பயமாக இருந்தது.

"நெஸ்... தூக்கம் வருது."

"தூங்காதே. எம்ரிஸ், என்னைப் பாரு. தூங்கினா கொன்னுடுவேன். ஏதாவது பாடு."

"நீ போய்... யாரையாவது கூட்டிட்டு வா."

"பாடறியா?"

"பாடறேன். போ."

தன் கோட்டைக் கழற்றி அவன் மேல் போர்த்தி, பின்சீட்டுப் பெட்டியில் இருந்த துணியெல்லாம் அள்ளி உடைந்த கண்ணாடியில் அடைத்தாள். வெறும் ஸ்வெட்டரோடு மேலே ஏறினாள். சரிவில் பாதி ஏறும்வரை அவன் பாட்டு கேட்டது. அப்புறம் காற்று.

முதல் வீடு. பூட்டு. கதவைக் குத்தினாள். இரண்டாவது வீடு. ஜன்னலை உடைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள், போன் இருக்குமா என்று. காலி அறை, மிளகாய்ச் சாக்கு. மூன்றாவது வீட்டு வாசலில் அவள் கும்பிட்டே விட்டாள், பூட்டைப் பார்த்து. கைவிரல்கள் மரக்கட்டை. நெற்றியில் வழிந்த ரத்தம் புருவத்தில் உறைந்து ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை. உள்ளே ஒரே ஒரு கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது பாடிக்கொண்டிருப்பானா? இப்போது? ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நாய் குரைத்தால் ஆள் இருக்கிறார்கள் என்றாவது தெரியும்.

ஊரின் கடைசியில் ஒரு வெளிச்சம்.

வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. அந்தக் குளிரில், அந்த நேரத்தில்... யாருக்காகவோ திறந்து வைத்தது போல.

அது பெரியம்மாவின் வீடு. அன்று அவர்கள் மகள் சூரினுக்குத் திதி.

சில வருஷங்களுக்கு முன்னால், இதே விடுமுறை வாரம், சூரின் கடைசி பஸ்ஸில் வந்து கணவாயின் அடியில் இறங்கினாள். பனி கொட்டுகிறது. தம்பி சங்வூவுக்குப் போன் போட்டாள். 'குளிருது. வண்டி எடுத்துட்டு வாடா.' அவன் சித்தப்பா பையன்களோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். கைக்கு நல்ல சீட்டு வந்திருந்தது. 'கூப்பிடு தூரம்தானே, நடந்து வாக்கா,' என்றான். காலையில் அவளை அந்த வளைவில்தான் எடுத்தார்கள். எந்த வளைவு என்று கேட்காதீர்கள்.

கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளைக்கு யாரும் படையல் போடுவதில்லை. தாய் தகப்பன் பிள்ளையை வணங்குவதும் கிடையாது. பெரியம்மா கேட்கவில்லை. "பசியோட போனவ. நான் போடுவேன். தம்பி கும்பிடட்டும்," என்றுவிட்டாள். அதனால் வருஷா வருஷம் சங்வூதான் படைப்பான். முறையெல்லாம் பெரியவர்களுக்குச் செய்வது போலவே. வரும் உயிரின் கழுத்தில் மாட்டிவிடக் கூடாது என்று துணிக்கொடியை அவிழ்த்துச் சுருட்டி வைப்பார்கள். நாயைக் கீழூரில் விட்டுவிடுவார்கள். வாசலைத் திறந்து வைப்பார்கள். கருவாடு, இலந்தை, காய்ந்த சீமைப்பனிச்சைப் பழம், சூப்பு, சோறு. சோற்றில் கரண்டியைச் செங்குத்தாகக் குத்தி, சாப்பிடும் குச்சிகளால் தட்டில் தட்டுவான். டொக்... டொக்... டொக். சாப்பிட வா என்று அர்த்தம். பிறகு எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தலை குனிந்து உட்கார வேண்டும். உயிர் சாப்பிட்டு முடிக்கும் வரை நிமிரக் கூடாது, திரும்பக் கூடாது, பேசக் கூடாது. முடிந்திருக்கும் என்று தோன்றும்போது படைத்தவன் இருமுவான். அந்த இருமல்தான் கணக்கு. அதன் பிறகுதான் உள்ளே போகலாம், கும்பிட்டு அவளை வழியனுப்பலாம். அனுப்பினால்தான் அவள் போவாள்.

நெஸ்டா உள்ளே நுழைந்தபோது அவர்கள் வெளியே வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

அவள் பார்த்தது மூன்று முதுகுகள். மரத் தாழ்வாரத்தில் வரிசையாக. ஊதுவத்தி வாசனை. காகிதக் கதவுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஆடுகிறது.

மனிதர்கள்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவளுக்குக் கொரிய மொழி தெரியாது. வகுப்பில் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்பது சென்டரின் சட்டம், உங்களுக்கே தெரியும். கடையில் கேட்கிற வார்த்தைகள், பிள்ளைகள் பேசிக் காதில் விழுந்தவை, அவ்வளவுதான் கையிருப்பு. உதடு வேறு விறைத்திருந்தது. இருந்ததையெல்லாம் கொட்டினாள்.

"குளிருது... குளிருது... தம்பி... வா... தம்பி, வா..."

மூன்று முதுகும் ஒரே நேரத்தில் நடுங்கின. ஒன்றும் திரும்பவில்லை.

செவிடர்களா? தாழ்வாரத்தின் மேல் ஏறி அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பனிக்கட்டி போன்ற கை. பெரியம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். பேசக் கூடாதுதான். ஆனால் தாய் இல்லையா... "வந்துட்டியா கண்ணு," என்றாள், தரையைப் பார்த்தே. "உள்ளே போம்மா. ஆறிடும். சாப்பிடு. முதல்ல சாப்பிடு." கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவி, கதவை நகர்த்தி விட்டாள்.

நெஸ்டா உள்ளே பார்த்தாள். மெழுகுவர்த்திகள். தட்டு தட்டாகச் சாப்பாடு. சட்டத்துக்குள் சிரிக்கும் ஒரு பெண், தன் வயசு. அதற்கு முன்னால் சோறு... சோற்றில் நட்டு வைத்த கரண்டி.

வந்த புதிதில் ஒருநாள் அவள் சாப்பாட்டு நடுவே குச்சிகளைச் சோற்றில் குத்தி வைத்தபோது தாமி பாய்ந்து பிடுங்கினாள். 'ஐயோ, எடு! அது செத்தவங்களுக்கு வைக்கிறது!'

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இவர்கள் தன்னை யாரென்று நினைக்கிறார்கள் என்று.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அதை நிரூபிக்க ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு கத்துகிறீர்களோ அவ்வளவு பேயாகிறீர்கள். "இல்லை! இல்லை!" என்றாள். "தம்பி! தம்பி!" என்றாள். ஆங்கிலத்தில், தன் தாய்மொழியான வேல்ஸ் மொழியில், வாய்க்கு வந்ததில் எல்லாம் கெஞ்சினாள். பெரியப்பா நெற்றியைப் பலகையில் வைத்து முனகினார். "தம்பி மேல கோபம் வேண்டாம்மா. அவன் சின்னப் பையன். விட்டுடு. அவனை விட்டுட்டுப் போ."

இவர்கள் சொல்வது அவளுக்குப் புரியவில்லை. அவள் சொல்வது இவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. அதுதான் கொடுமை. கீழே பாட்டு நின்றிருக்கும். இந்நேரம் நின்றே இருக்கும். அவள் மூன்றாவது முதுகின் முன்னால் போய் விழுந்து, அந்தப் பையனின் கைகள் இரண்டையும் பிடித்து இழுத்தாள்.

"தம்பி. குளிருது. வா."

சங்வூவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கண் மூடியே இருந்தது. கன்னமெல்லாம் தண்ணீர். அவன் இருமியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். இருமல் கேட்டால் வந்த உயிர் கிளம்பிப் போயாக வேண்டும். தொண்டை வரை வந்தது அந்த இருமல்.

அவன் இருமவில்லை.

"வரேங்க்கா," என்றான். "இந்தத் தடவை வரேன்." எழுந்துவிட்டான்.

பிற்பாடு தாமியிடம் அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'முகத்தைப் பார்த்துட்டு எழுந்திரிக்கல. எழுந்திரிச்ச அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன்.' எங்கே கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும் போவது என்று எழுந்தவன், கண்ணைத் திறந்தால் ரத்தம் உறைந்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். மூக்கிலிருந்து மூச்சு ஆவியாக வருகிறது. செத்தவர்களுக்கு மூச்சு ஏது?

"அப்பா! ஆள்! உயிருள்ள ஆள்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

சின்ன லாரி, பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டது. நெஸ்டா வழியெல்லாம் முன்கண்ணாடியை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே வந்தாள், வேகமாக, வேகமாக என்று. எந்த வளைவு என்று அவள் காட்டியபோது சங்வூ வண்டியை நிறுத்தினான். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

பாட்டு கேட்கவில்லை.

"எம்ரிஸ்!"

கார் கதவைப் பிய்த்துத் திறந்தாள். அவன் கண் விழித்திருந்தான். நன்றாக, பளிச்சென்று விழித்திருந்தான். அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் அவன் எரிச்சலாகிவிட்டான்.

"எதுக்கு அழறே? இப்பத்தானே இறங்கினே."

"என்ன?"

"போன உடனே திரும்பி வந்துட்டே. பின்னாடி உக்காந்து என் தலையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தே. உன் கை என்ன இப்படி ஜில்லுனு... கண்ணை மூடினாப் போதும், காதுகிட்ட எதையோ தட்டித் தட்டி எழுப்பி விட்டுட்டே. தூங்கவே விடல. டொக் டொக்குனு. என்னென்னமோ பேசினே, உன் ஸ்கூல் பசங்க பாஷையில. ஒண்ணும் புரியல, ஆனா கேக்க நல்லாருந்துச்சு."

நெஸ்டா பின்சீட்டைப் பார்த்தாள். காலி. காருக்குள் பெட்ரோல் வாடைக்கு நடுவே மெல்லிசாக ஊதுவத்தி வாசனை. அது தன் ஸ்வெட்டரில் ஒட்டி வந்தது என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

சங்வூ காரைச் சுற்றி வந்தான். டார்ச்சைத் தரையில் அடித்துப் பார்த்தான். இப்போது அவர்கள் இருவரும் இறங்கி வந்த தடம் போக, முன்கதவிலிருந்து மேலே ஏறிப் போன காலடி ஒரு வரிசை. அது நெஸ்டாவுடையது. இன்னொரு வரிசை... வளைவுப் பக்கமிருந்து இறங்கி வந்தது. சின்னக் கால். நேராகப் பின்கதவு வரை வந்திருந்தது.

திரும்பிப் போனதற்கு அடையாளமே இல்லை.

அவன் பின்கதவைத் திறந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னான். "அக்கா. இறங்கு. சோறு வெச்சிருக்கு. வீட்டுக்குப் போலாம்."

ஓடைச் சத்தம் மட்டும்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது. தகரத்தை வெட்டி எம்ரிஸை எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருந்தால் எழுந்திருக்கவே மாட்டான் என்றார் டாக்டர். அவனைத் தூங்க விடாமல் வைத்திருந்த அக்காவைப் பாராட்டிக் கையைக் குலுக்கினார். நெஸ்டா கையைக் கொடுத்தாள்.

சங்வூ விடிந்துதான் வீடு திரும்பினான். மெழுகுவர்த்தி கரைந்து, சூப்பின் மேல் ஐஸ் பிடித்திருந்தது. பெரியம்மா இருந்த இடத்திலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள். "நீ இருமலயேடா," என்றாள். "யாருமே அவளை அனுப்பி வைக்கலயே."

அவ்வளவுதான். நெஸ்டா வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். அவனுக்குக் கால் கொஞ்சம் இழுக்கும். மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். முன்னைவிடச் சாது. கார் ஏறினால் மட்டும் பின்கதவை ஒரு தடவை திறந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் சாத்துவான். விபத்துக்குப் பிறகு மனசு அப்படித்தான் இருக்கும் என்று அவள் விட்டுவிட்டாள்.

மறு வருஷம், அதே திதி. இங்கே நடுராத்திரி என்றால் அங்கே பிற்பகல். குளிர்காலம், மூன்று மணிக்கே மேகம் மூடி இருட்டிக்கொண்டு வந்தது. நெஸ்டாவின் போன் அடித்தது. தாமி. பெரியம்மா வீட்டிலிருந்து பேசினாள். குரல் சரியில்லை.

"நெஸ்டா... இப்பத்தான் படையல் முடிஞ்சுது. சங்வூ அண்ணன் இருமினாரு. கதவைத் திறந்தோம்."

"ம்."

"மத்த வருஷமெல்லாம் சோத்துல கரண்டி பக்கத்துல கொஞ்சூண்டு குழிஞ்சிருக்கும். யாரும் வெளியில சொல்ல மாட்டோம். ஆனா இருக்கும். இந்தத் தடவை அப்படியே இருக்கு. வெச்சது வெச்சபடி." பின்னால் யாரோ விசும்பினார்கள். "பெரியம்மா உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. கோவிச்சுக்காதே. வயசானவங்க... அவளுக்கு அங்க நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குதான்னு கேக்கறாங்க."

சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பீங்கான் தட்டில் உலோகம் படும் சத்தம்.

டொக்... டொக்... டொக்.

போனைக் காதில் வைத்தபடியே நெஸ்டா கதவு வரை போனாள். எம்ரிஸ் சாப்பாட்டு மேசையில், அவளுக்கு முதுகு காட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் தட்டு இல்லை. எதிரே, காலி நாற்காலிக்கு முன்னால் இருந்தது. மசித்த உருளைக்கிழங்கு, ஆவி பறக்க. நடுவில் செங்குத்தாக ஒரு கரண்டி. அவனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தோட்டத்துப் பக்கக் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே துணிக்கொடியைக் காணோம்.

"எம்ரிஸ்," என்றாள்.

அவன் திரும்பவில்லை. பொறு என்பது போல ஒரு கையை மட்டும் லேசாகத் தூக்கினான்.

கரண்டியின் பக்கத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, ஒரு வாய் அளவுக்குக் குழி விழுந்தது.

போனில் இப்போது தாமி இல்லை. பெரியம்மாவே வாங்கிக்கொண்டிருந்தாள். வயதான மூச்சு, கடல்களுக்கு அப்பாலிருந்து, காத்துக்கொண்டிருந்தது.

நெஸ்டாவிடம் அந்த மொழியில் இருந்ததே ஒரு கைப்பிடி வார்த்தை. தேடி ஒன்றை எடுத்தாள்.

"சாப்பிடறா," என்றாள்.